சத்தம் செத்த கல்

பாதிவிலை வந்து வாசலில் சைக்கிளைச் சாய்த்தபோதே சம்மட்டிக்காரிக்குச் சுருக்கென்றது. நல்ல செய்தி கொண்டுவருகிற ஆள் இல்லை அவன். பழைய இரும்பு வாங்கி விற்கிற தரகன். எதைப் பற்றி ஆரம்பித்தாலும் ‘பாதி விலைக்கு முடிச்சுத் தர்றேன்’ என்று முடிப்பான். அதனால் அவனுடைய சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. அவள் பெயரும் அப்படித்தான். உலையில் பழுத்த இரும்பைப் புருஷன் குறட்டால் பிடித்துச் சின்னச் சுத்தியலால் இடம் காட்டுவான், காட்டிய இடத்தில் அவள் சம்மட்டியை இறக்குவாள். கல்யாணமான புதிதில் கேலியாக ஒட்டிய பெயர். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால்தான் அவர்கள் பட்டறைக்கு வழி காட்டுகிறார்கள்.

மழை விட்டும் விடாமலும் இருந்தது. நனைந்த கரியைத் தகரத்தில் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

முழுப் பட்டறையும் விலைக்கு வருகிறது என்றான் பாதிவிலை. கையால் சுற்றுகிற ஊதுபெட்டி, இரும்பைக் கவ்விப்பிடிக்கத் தரையில் கால் ஊன்றி நிற்கிற பெரிய வைஸ், ஒரு பீப்பாய் நிறையக் குறடு, சுத்தியலில் இல்லாத தினுசே இல்லை. எல்லாம் பழைய இரும்பு விலைக்குக் கொஞ்சம் மேலே. விற்கிற மனுஷன் பேரமே பேசுவதில்லையாம். கேட்டதைக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறாராம்.

“ஏன்?” என்றாள்.

“ஏன்னா?”

“நல்ல சாமானை எவனாவது எடைக்குப் போடுவானா? திருட்டுச் சாமானா, உள்ள உடைஞ்ச சாமானா, இல்ல அதுல கைய வச்சு எவனாவது செத்தானா?”

“அக்கா, உங்களுக்கு மழை பெஞ்சாக்கூட எவன் மேல இருந்து ஊத்துறான்னு பாக்கணும்,” என்று சிரித்தான் பாதிவிலை. “கல்லும் இருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

கல் என்றதும் உள்ளே இருந்து கொல்லன், அவள் புருஷன், வெளியே வந்தான். பாதிவிலை அதைக் கொஞ்சம் உரக்கத்தான் சொன்னான்.

பட்டறைக்கல் பெயருக்குத்தான் கல். முழுக்க உருக்கு. ஒரு பக்கம் கொம்பு, மறு பக்கம் வால், மேலே வழவழவென்று முகம். அது இல்லாத பட்டறை அடுப்பில்லாத சமையலறைதான். இவர்கள் பட்டறையில் இப்போது அது இல்லை. மரக்கட்டை மட்டும் நிற்கிறது, அதன் மேல் கல்லின் நான்கு கால்களும் அழுந்திய தடம் இருக்கிறது.

தங்கைக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தாள் அவள். போகிறபோது கல் இருந்தது. திரும்பி வந்தபோது இல்லை. கேட்டால், கல்லு செத்துடுச்சு என்றான் புருஷன். உள்ளே விரிசல் விட்டுவிட்டதாம், அடித்தால் மணியாகக் கேட்கவேண்டியது பொத்தென்று விழுகிறதாம், விரிசல் விட்ட கல்லில் வேலை செய்தால் என்றைக்காவது ஒரு சில்லு தெறித்துக் கண்ணைக் கொண்டுபோய்விடும் என்று பாதிவிலையிடம் எடைக்குப் போட்டுவிட்டானாம்.

“நான் போறப்ப கணீர்னு இருந்த கல்லு, வர்றதுக்குள்ள எப்படிங்க செத்துச்சு?”

இந்தக் கேள்வியை அவள் சோற்றுத் தட்டை வைக்கும்போதும் கேட்டாள், பாயை விரிக்கும்போதும் கேட்டாள். ஒரே பதில்தான். அவள் நம்பவில்லை. ஏமாறுவதென்றால் அவள் புருஷனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். புதுப் பெயின்ட் அடித்த துளை போடும் மெஷினை வாங்கி வந்து, பெயின்ட் உரிந்ததும் பார்த்தால் உள்ளே பாதி இரும்பு, பாதி ஓட்டை அடைத்த பட்டி. மோட்டார் வைத்த ஊதுபெட்டி என்று ஒன்றை வாங்கினான், காற்று வருவதற்கு முன் புகை வந்தது. நல்ல கல்லைப் பாதிவிலை செத்த கல் என்று சொல்லியிருப்பான், இவன் தலையாட்டியிருப்பான். அப்படித்தான் இருக்கும் என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

அதோடு வேறு ஒன்றும் உறுத்திக்கொண்டிருந்தது. அவள் வந்ததில் இருந்து புருஷனிடம் ஒரு மாற்றம். போன் அடித்தால் எடுப்பதில்லை. கடைத்தெருவில் நின்று அவளே கூப்பிட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டால் அடிக்கவே இல்லையே என்கிறான். முதுகுப் பக்கம் நின்று ஒன்று சொன்னால் காதில் விழாதவன் போல் போகிறான். எதையோ மறைக்கிற ஆள்தான் இப்படிப் போனுக்குப் பயப்படுவான் என்று பட்டது. அவன் குளிக்கப்போன நேரம் போனை எடுத்து நோண்டியும் பார்த்தாள். குவாரி மேஸ்திரி கூப்பிட்டதும் அவள் கூப்பிட்டதும் தவிர ஒன்றும் இல்லை. அதனால் சந்தேகம் குறைந்துவிடவில்லை.

இப்போது தண்டவாளத் துண்டு ஒன்றைக் கட்டையில் அடித்து வைத்து வேலை ஓட்டினார்கள். குவாரிக்குக் கடப்பாறையும் உளியும் அடித்துக் கொடுக்கிற வேலை. தண்டவாளம் ஒல்லி. சம்மட்டி விழுந்தால் துள்ளும், கடப்பாறை முனை கோணிக்கொள்ளும். போன தடவை கொடுத்ததில் பாதியை மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த லோடும் இப்படி வந்தால் வேறு பட்டறை பார்த்துக்கொள்கிறேன் என்று நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். குவாரி போய்விட்டால் உலையை அணைக்க வேண்டியதுதான். அவளுடைய அண்ணன் வெல்டிங் கடை வைத்திருக்கிறார். மாப்பிள்ளை வந்தா எடுபிடிக்கு வச்சுக்கிறேன், தங்கச்சி கடைக்குப் பெருக்கித் தண்ணி தெளிச்சுக் குடுக்கட்டும் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். புருஷன் உட்காருவதற்கு என்று ஒரு முக்காலிகூட வாங்கிப் போட்டாயிற்று. அந்த முக்காலியை நினைத்தாலே அவளுக்கு உடம்பு கூசும்.

ஆக, பாதிவிலை பொய் சொல்கிறான் என்று தெரிந்தே அவன் பிடித்துவந்த வேனில் புருஷனோடு ஏறினாள். மடியில் பேரிங் குண்டு ஒன்றையும் பழைய அரம் ஒன்றையும் முடிந்துகொண்டாள்.

போகிற வழியெல்லாம் அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். விற்கப்போவது தங்களுடைய கல்லாகவே இருந்தால்? பாதிவிலை அதை எங்கேயோ பதுக்கிவைத்து, மேலே எண்ணெய் பூசி, வேறு ஆள் ஒருவரை நிறுத்தி, அதையே திருப்பித் தலையில் கட்டப் பார்த்தால்?

“எங்க கல்லை என்னய்யா பண்ணின?” என்று கேட்டாள்.

“வந்த லாரியிலயே ஏத்திட்டேன் அக்கா. இந்நேரம் எங்கயோ உருகி ஓடியிருக்கும்.”

“அது செத்த கல்லா?”

பாதிவிலை ஜன்னல் பக்கம் பார்த்தான். “தொழில் தெரிஞ்சவர் செத்துடுச்சுன்னு சொல்றாரு. இரும்பு தூக்குறவன் நான், நான் எதுக்கு எதிர்ப் பேச்சுப் பேசணும்?”

இதைச் சொன்ன தினுசு அவளுக்குப் பிடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனைப் பார்த்தாள். அவன் இந்தப் பேச்சிலேயே இல்லை. முன்னால் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அரவை மில்களுக்குப் பின்னால் ஒரு தெரு. முன்னால் வீடு, வீட்டை ஒட்டித் தகரக் கொட்டகை. பட்டறையை விற்கிற பெரியவர் வாசலிலேயே நின்றார். வெள்ளைத் தலை, முழங்கை வரை பொறி பட்ட புள்ளிகள். வேலையை விட்டு நாளாகியிருக்க வேண்டும், நகத்தில் கரி இல்லை. கொட்டகையைப் பெருக்கி, சாமான்களை வரிசையாகச் சுவரோரம் அடுக்கியிருந்தார். வாங்க என்றதும், தண்ணி வேணுமா என்றதும் எல்லாம் சாதாரணமாக இருந்தது. அதுவே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அவள் முழங்காலை மடித்து உட்கார்ந்துவிட்டாள். வைஸைக் கடைசிவரை திறந்து, மரையை விரலால் தடவிப் பார்த்தாள், பல் தேயவில்லை. ஊதுபெட்டியைச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தாள், அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. குறடுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். வட்டக் கம்பிக்கு, பட்டைக்கு, உளிக்கு என்று தனித்தனி வாய். எல்லாம் அவரே அடித்துக்கொண்டவை, கையில் ஏந்தினாலே தெரிந்தது. எங்கேயும் புதுப் பெயின்ட் இல்லை, பட்டி இல்லை, ஒட்டு இல்லை. சந்தேகப்பட ஒன்றும் அகப்படாததில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது.

“கல்லு எங்க?”

பெரியவர் மூலையில் கிடந்த சாக்கை விலக்கினார். “அத எடுக்காதீங்கம்மா,” என்றார். “பட்டறைன்னு சேர்த்து வித்துடணும்னு வச்சிருக்கேன். ஆனா அது செத்துடுச்சு. தொழில்காரங்களுக்கு மறைச்சு விக்கக் கூடாது. பழைய இரும்புக்குப் போடுறதுன்னா போடுங்க.”

இது தங்கள் கல் இல்லை. அதன் கொம்பில் ஒரு வெட்டு இருக்கும், இதில் இல்லை. இது அதைவிடப் பெரியது. வெல்டிங் அண்ணனின் தங்கை அவள். உடைந்த கல்லை ஒட்டி, தேய்த்து, கரி பூசி மறைத்தால் எங்கே தேட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். கல்லின் கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டினாள். ஒன்றும் இல்லை. அரத்தை எடுத்து முகத்தின் ஓரத்தில் வைத்து இழுத்தாள், வழுக்கிக்கொண்டு போனது. உருக்கு கடினமாகத்தான் இருந்தது. பேரிங் குண்டை மேலே இருந்து விட்டாள். விட்ட உயரத்துக்குக் கிட்டத்தட்டத் துள்ளி அவள் கைக்கே வந்தது.

“துள்ளும்,” என்றார் பெரியவர். “சத்தம்தான் இல்ல.”

அவள் சுத்தியலை எடுத்து முகத்தில் ஒரு தட்டுத் தட்டினாள்.

கணீர் என்றது. அந்தச் சத்தம் கொட்டகையைச் சுற்றிவிட்டுத் தகரத்தில் கொஞ்ச நேரம் நின்று, அப்புறம்தான் அடங்கியது. வாசல்படியில் நின்ற பெரியவரின் மனைவி கையைக் காதுக்குக் கொண்டுபோய்விட்டுச் சட்டென்று இறக்கிக்கொண்டாள்.

“கேட்டீங்கல்ல?” என்றார் பெரியவர் வருத்தத்தோடு. “பொத்துன்னு.”

அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. இந்த மாதிரி ஏமாற்று வேலையை அவள் பார்த்ததில்லை. செத்ததை உயிரோடு இருக்கிறது என்று சொல்லி விற்பார்கள், இவர் உயிரோடு இருப்பதைச் செத்தது என்கிறார். நம்மை வேண்டாம் என்று சொல்லவைத்து, நல்ல விலைக்கு வேறு ஆளுக்குக் கொடுக்கப் பார்க்கிறாரா? அப்படியானால் சாக்கை விலக்கிக் காட்டுவானேன்?

புருஷன் அவள் கையில் இருந்து சுத்தியலை வாங்கினான். கொம்பில் ஒன்று, நடுவில் ஒன்று, வாலில் ஒன்று தட்டினான். மூன்றும் மூன்று விதமாக மணியடித்தன. தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு உச்சுக் கொட்டினான்.

“ஆமாங்க. செத்துத்தான் போச்சு. எங்க கல்லும் இப்படித்தான் ஆச்சு.”

அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடேயப்பா, நம் ஆளும் தேறிவிட்டானே! கணீரென்று கேட்கிற கல்லை முகத்தை இப்படி வைத்துக்கொண்டு செத்தது என்கிறானே, இந்தச் சாமர்த்தியத்தை எல்லாம் எங்கே வைத்திருந்தான்? வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அவளும் உதட்டைப் பிதுக்கினாள். பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் அந்தப் பெருமை நிற்கவில்லை. அவள் புருஷனுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் எச்சில் முழுங்குவான், பார்வை தரைக்குப் போய்விடும். இப்போது முழுங்கவில்லை. பெரியவரும் அவனும் கல்லுக்கு இரண்டு பக்கமும் குந்தி, துக்க வீட்டில் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள். எப்படி ஆயிற்று, ஒரே நாளிலா, இல்லை கொஞ்சம் கொஞ்சமாகவா என்று இவன் கேட்கிறான். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் என்று அவர் சொல்கிறார். இரண்டு பேருக்கும் முன்பே பழக்கமா? அவளுக்குத் தெரியாமல் முன்பணம் ஏதும் கை மாறியிருக்கிறதா? எடுக்காத போனுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

“உள்ள வாம்மா, டீ போடுறேன்,” என்றாள் பெரியவரின் மனைவி. கூப்பிட்ட குரலில் ஒரு அவசரம் இருந்தது.

சமையலறை சின்னது. கொட்டகைப் பக்கம் ஜன்னல் இருந்தது. அந்தம்மா பாலை அடுப்பில் வைத்துவிட்டு, ஜன்னல் கதவைச் சாத்தினாள். முழுக்கச் சாத்தாமல் விரல் நுழைகிற இடைவெளி விட்டாள்.

“உனக்குக் கேட்டுச்சு,” என்றாள்.

சம்மட்டிக்காரி அடுப்பைப் பார்த்தாள். அகப்பட்டுக்கொள்வது யார் என்று தெரியாமல் வாயைத் திறக்கக் கூடாது.

“பயப்படாத. விலையை ஏத்த மாட்டேன். அவர் சொன்ன விலைக்கே எடுத்துட்டுப் போ. ஒண்ணே ஒண்ணு, கல்லு நல்லாருக்குன்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாத.”

“ஏன் சொல்லக் கூடாது?”

“கல்லு நல்லாருக்குன்னா அப்புறம் எது கெட்டுச்சுன்னு கேப்பாருல்ல?”

பால் பொங்கி வந்தது. அந்தம்மா அதை ஊதி இறக்கினாள். டீத்தூளைப் போட்டுக்கொண்டே, யாரிடமோ வெகு நாளாகச் சொல்லக் காத்திருந்தவள் போலப் பேசினாள். “நான் பேசினா கேக்கும். எதிர்ல நின்னு பேசினா நல்லாவே கேக்கும். அதனாலதான் ரொம்ப நாள் எனக்கே தெரியல. மணிச் சத்தம், விசில் சத்தம், இந்த மாதிரி கீச்சுன்னு வர்றது எதுவும் கேக்கறதில்ல. குக்கர் பாட்டுக்குக் கத்திக்கிட்டு இருக்கும், பக்கத்துலயே உக்காந்திருப்பாரு. போன் அடிச்சா தெரியாது. கேட்டா அடிக்கவே இல்லைன்னு என்கிட்டயே சண்டைக்கு வருவாரு. நான் என்ன நெனச்சேன், வேணும்னுதான் கேக்காத மாதிரி இருக்காருன்னு நெனச்சேன். ஒரு வருஷம் திட்டியே தீர்த்தேன் அந்த மனுஷனை.”

சம்மட்டிக்காரியின் கையில் டம்ளர் சுட்டது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

“அப்புறம் ஒரு நாள் கல்லு செத்துடுச்சுன்னாரு. எனக்கு அது அடிக்கிறது இங்க நல்லாக் கேக்குது. அப்பதான் புரிஞ்சுது. சொல்ல வாய் வரல. காலம்பூரா இரும்பு பழுத்துச்சா, கல்லு சரியா இருக்கான்னு கண்ணையும் காதையும் வச்சே பொழச்ச ஆளு. உன் காது போச்சுன்னு எப்படிச் சொல்றது? அந்தக் கல்லை எடைக்குப் போட்டுட்டு இன்னொண்ணு வாங்கிட்டு வந்தாரு. இதோ, இதுதான் அந்த இன்னொண்ணு. இதுவும் செத்துடுச்சுன்னுட்டாரு. எனக்கு ராசி இல்ல, என் கை பட்டா கல்லு சாகுதுன்னு பட்டறையையே விக்கிறாரு.”

“ரெண்டு கல்லா?”

“ரெண்டு. முதல் கல்லும் நல்லாத்தான் இருந்துச்சு.”

சம்மட்டிக்காரி ஜன்னல் இடைவெளியில் பார்த்தாள். கொட்டகையில் அவள் புருஷன் மண்டியிட்டிருந்தான். கல்லின் முகத்துக்குப் பக்கத்தில் காதை வைத்துச் சுத்தியலால் தட்டினான். கணீரென்று சமையலறை வரை வந்தது. அவன் நிமிர்ந்து பெரியவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான். பிறகு மற்ற காதை வைத்துத் தட்டினான். அதற்கும் ஆட்டினான்.

எடுக்காத போன், முதுகுக்குப் பின்னால் அவள் சொன்னதெல்லாம், மரக்கட்டை மேல் இருக்கிற நான்கு தடம். பாதிவிலை ஏமாற்றவில்லை. புருஷன் மறைக்கவில்லை. ஊரில் ஒருத்தரையும் விடாமல் சந்தேகப்பட்டவள், வீட்டில் இருக்கிற இரண்டு காதைச் சந்தேகப்படவில்லையே.

“என்னம்மா, டீ ஆறுது,” என்றாள் அந்தம்மா.

“நல்லாருக்கு,” என்றாள், குடிக்காமலே.

விலை பேசுகிற நேரத்தில் பாதிவிலை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் பேரம் பேச ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகும் என்று வேன்காரரிடம் சொல்லிவைத்திருந்தானாம். அவளோ கல், வைஸ், கைக்கு வந்த குறடுகள், எல்லாவற்றுக்கும் பெரியவர் சொன்னதை அப்படியே கொடுத்தாள். கல்லை ஏற்றும்போது பெரியவர் கிட்டே வந்து, பார்த்து வேலை செய்யுங்க, கண்ணு பத்திரம், முடிஞ்சா வேற கல்லு கிடைக்கிற வரைக்கும் மட்டும் வச்சுக்கோங்க என்று சொன்னார். அவள் தலையாட்டினாள். அவருக்குப் பின்னால் அந்தம்மா கைகூப்புவது மாதிரி ஏதோ செய்தாள். வேன் நகர்ந்ததும் சம்மட்டிக்காரி திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. தண்டவாளத் துண்டைப் பெயர்த்து எடுத்துவிட்டு, கல்லைக் கட்டையில் ஏற்றிக் கொக்கி ஆணி அடித்து இறுக்கிக்கொண்டிருந்தான் கொல்லன். காய்ந்த கரியை உலையில் கொட்டிவிட்டு அவள் நின்றாள். இராத்திரி முழுக்க எப்படிச் சொல்வது என்று யோசித்திருந்தாள். சொல்லாமலே விடுவது எவ்வளவு சுலபம் என்றும் தெரிந்திருந்தது. அந்தம்மா அதைத்தான் செய்தாள்.

“முகம் அருமையா இருக்கு,” என்றான் அவன் குனிந்தபடியே. “சத்தம் மட்டும் இருந்திருந்தா இந்த ஜில்லாவுலயே இப்படி ஒரு கல்லு கிடையாது. குவாரி வேலையை முடிச்சுட்டு வேற பாப்போம்.”

“கல்லு சாகலைங்க.”

அவன் ஆணியைத் தட்டிக்கொண்டிருந்தான். அவள் சுற்றி வந்து அவன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தாள்.

“கல்லு நல்லாருக்கு. மணி மாதிரி அடிக்குது. எனக்குக் கேக்குது, பாதிவிலைக்குக் கேக்குது, அந்தம்மாவுக்குக் கேக்குது. உங்களுக்குத்தான் கேக்கல.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். சுத்தியலை எடுத்துக் கல்லில் ஒரு தட்டுத் தட்டி அவளைப் பார்த்தான். இன்னொன்று தட்டினான். கரிச் சாக்கின் மேல் தெருநாய் ஒன்று படுத்திருந்தது. தட்டுகிற ஒவ்வொரு தடவையும் அதன் காது விடைத்து அடங்கியது. அவன் பார்வை அங்கே போய் நின்றது. நாயைப் பார்த்துக்கொண்டே மெதுவாக இன்னும் இரண்டு தடவை தட்டினான்.

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப நம்ம பழைய கல்லு?” என்றான்.

“அதுவும் நல்லாத்தாங்க இருந்திருக்கும்,” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. “நான்தான் உங்களை என்னென்னவோ நெனச்சுட்டேன். போனைக்கூட எடுத்துப் பார்த்தேன்.”

“அதுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. அதுக்கும் சந்தேகப்பட்டேன்.”

அவன் கட்டையோரம் உட்கார்ந்தான். கையை இரண்டு காதிலும் வைத்துப் பார்த்துக்கொண்டான், ஏதோ அங்கேதான் விழுந்து கிடக்கிறது என்கிற மாதிரி. பிறகு கேட்டான், “அந்தப் பெரியவருக்கு இது தெரியுமா?”

“தெரியாது. அந்தம்மா சொல்ல வேணாம்னுட்டாங்க.”

“நீ மட்டும் ஏன் சொன்ன?”

“அவங்க ரெண்டு கல்லையும் பட்டறையையும் அனுப்பிட்டு நிக்கிறாங்க. எனக்கு ஒண்ணு போனதே போதும்.”

அவன் இடது கையை விரித்துக் கல்லின் வால் பக்கம், அடியில் அழுத்தி வைத்துக்கொண்டான்.

“அடி.”

அவள் சின்னச் சுத்தியலால் கொம்பில் தட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

“இன்னொண்ணு.”

தட்டினாள்.

“இருக்கு,” என்றான். கையை எடுக்கவில்லை. “கைக்குள்ள வந்து சுர்ருன்னு நிக்குது. இருக்கு.” கண்ணைத் திறந்து, “அந்த மனுஷன் இப்படிக் கைய வச்சுப் பார்த்திருக்க மாட்டார் போல,” என்றான்.

“பார்த்திருந்தா கல்லு இங்க வந்திருக்காது.”

“கடப்பாறை முடியட்டும். கூட்டிட்டு வந்து காட்டணும் அவருக்கு.”

“திருப்பிக் கேப்பாரு.”

“கேட்டா குடுக்கத்தான் வேணும்.”

வேறு நாளாக இருந்தால் அவள் எழுந்து நின்றிருப்பாள். பணம் கொடுத்தோம், அவரேதான் செத்தது என்றார், நாம் என்ன ஏமாற்றியா வாங்கினோம் என்று ஆரம்பித்து ஓயாமல் பேசியிருப்பாள். அவர் கேட்பார் என்றும், இவன் கொடுத்துவிடுவான் என்றும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதில் ஒரு சந்தேகமும் இல்லை. அண்ணன் கடையில் இருக்கிற முக்காலி ஒரு கணம் கண்ணுக்கு முன் வந்து போனது. கை வைத்தால் தெரிகிறது என்று அவரும் கற்றுக்கொண்டுவிட்டால் எந்தக் கல்லும் அவருக்குச் செத்ததாக இருக்காது, அதற்கு இவள் குறுக்கே நிற்பதா என்று எண்ணிக்கொண்டு ஊதுபெட்டியைச் சுற்றினாள்.

கரி பிடித்துக்கொண்டது. கடப்பாறை முனை சிவந்து, மஞ்சளுக்கு வந்ததும் அவன் குறட்டால் இழுத்துக் கல்லின் மேல் வைத்தான். சின்னச் சுத்தியலால் இடம் காட்டினான். அவள் சம்மட்டியை இறக்கினாள். அவன் காட்டக் காட்ட அவள் இறக்கினாள். கல் அசையவில்லை. முனை நாலு பக்கமும் நேராக இறங்கியது. தண்டவாளத்தில் வேலை செய்த தோளுக்கு இது விளையாட்டாக இருந்தது.

போதும் என்றால் கல்லின் மேல் இரண்டு தட்டுத் தட்டுவது பட்டறை வழக்கம். அவன் தட்டினான். அவள் சம்மட்டியைத் தூக்கியபடி நிறுத்தினாள். அவன் இரும்பைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தான்.

“கேட்டுச்சா?” என்றான்.

“கேட்டுச்சுங்க,” என்றாள் அவள், அவன் முகத்துக்கு நேராக.